முண்டு மிளகாய் வத்தலை அரைத்து அக்கி வலிக்குப் பூசலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு வயது 66. ஐந்து மாதத்துக்கு முன்னால் இடது விலாவில் அக்கி வந்திருக்கிறது. கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. சட்டை உரசினாலே நெருப்பு பட்ட மாதிரி எரிகிறதாம். டாக்டர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது மிளகாயில இருந்து எடுக்குற மருந்துதான்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி கேட்பது இதுதான்: "அக்கா, எங்கள் களத்திலேயே முண்டு வத்தல் காய்ந்து கிடக்கிறது. அதை அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினால் அதே மருந்துதானே? அப்பா அல்சர் வந்துவிடும் என்று பயந்து சாப்பாட்டில் மிளகாயே சேர்ப்பதில்லை, அது சரியா? நம் மிளகாயில் மருந்துச் சத்து இருக்கிறதென்றால் மருந்துக்கென்று கூடுதல் விலைக்கு விற்க முடியுமா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பூசாதீர்கள். ஏற்கனவே பூசியிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் பார்மசி படித்து, அதையே கல்லூரியில் பல வருடம் சொல்லிக்கொடுத்தவள். அதற்கு முன்னால், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் மானாவாரி மிளகாய்க் காட்டில் பழம் பறித்து வளர்ந்தவள். படிப்பின் இரண்டாம் வருடத்தில், மிளகாய்ச் சாறு தடவிய பிளாஸ்டர்களை அந்தக் காலத்தில் மூட்டுவலிக்கு ஒட்டினார்கள் என்று பாடத்தில் வந்தது. லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு முட்டி வலி. வத்தலை அரைத்து, எண்ணெயில் குழைத்து, முட்டியில் பூசி, பழைய சேலைத் துணியால் சுற்றிக் கட்டினேன். அம்மா எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் படித்துவிட்டு வந்து செய்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரவு முழுக்கக் கிடந்திருக்கிறார். காலையில் துணியை அவிழ்த்தால் முட்டி முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. புண் ஆற மூன்று வாரம் ஆனது, தழும்பு கடைசிவரை போகவில்லை. பாடத்தில் படித்தது பொய்யில்லை. மருந்து எது என்று தெரிந்த எனக்கு, அது எவ்வளவு என்று தெரியவில்லை. தம்பி கேட்டதைப் படித்ததும் எனக்கு அந்த முட்டிதான் ஞாபகம் வந்தது.

சரி, மிளகாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு முண்டு வத்தலை எடுத்துக் காதருகில் ஆட்டுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். இப்போது காம்பைக் கிள்ளிவிட்டு, கத்தரிக்கோலால் நெடுக்காக வெட்டிப் பிரியுங்கள். வெளியே தடித்த, பளபளப்பான சிவப்புத் தோல். உள்ளே மஞ்சள் வெளுப்பில் தட்டை விதைகள். அந்த விதைகளைப் பிடித்துக்கொண்டு, காம்படியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய, சருகு மாதிரியான உள்நரம்பு ஒன்று இருக்கும். பச்சைக் காயில் இது வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும். காரம் முழுக்க உருவாவது இந்த நரம்பில்தான். விதையில்தான் காரம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உண்மையில் விதைக்குள் காரச்சத்து ஏறக்குறைய இல்லை, நரம்பை ஒட்டியே இருப்பதால் அதன் மேல் படிந்திருப்பதுதான் நாக்கில் தெரிகிறது. குழந்தைகளுக்குக் குழம்பு வைக்கும்போது விதையை உதறுவதோடு நிறுத்தாமல் அந்த நரம்பையும் உரித்துப் போட்டால் காரம் நன்றாகவே குறையும்.

அந்தக் காரச்சத்தின் பெயர் கேப்சைசின். 1816-ல் புக்ஹோல்ஸ் என்ற ஜெர்மானியர் மிளகாயிலிருந்து இதை முதலில் பிரித்தார், ஆனால் அது சுத்தமாக இல்லை. 1876-ல் ஜான் த்ரெஷ் என்ற இங்கிலாந்துக்காரர்தான் அதைப் படிகமாக எடுத்து இந்தப் பெயரை வைத்தார். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று டைஹைட்ரோகேப்சைசின். சாதாரண மிளகாயில் இருக்கும் காரத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு இந்த இரண்டும்தான். தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். இந்தக் குணத்தை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் இரண்டு இடத்தில் வேண்டியிருக்கும்.

மிளகாய் கத்தரிக் குடும்பத்துச் செடி. நம் கடற்கரையில் அந்தக் குடும்பம் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. மணல்காட்டில் தரையோடு படர்ந்து முள்ளால் குத்தும் கண்டங்கத்தரி, வேலியில் ஏறும் தூதுவளை, கொல்லையில் மணத்தக்காளியும் சுண்டையும், குப்பைமேட்டில் ஊமத்தை. ஒரே குடும்பம் என்றாலும் ஒவ்வொன்றின் கையிருப்பும் வேறு. கண்டங்கத்தரிக் காயிலும் சுண்டைக்காயிலும் சோலசோடின் வகைச் சத்துகள். ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின். அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆளைக் கொல்லும். புகையிலையில் நிக்கோட்டின், அமுக்கராக் கிழங்கில் வித்தனோலைடு. கேப்சைசின் மட்டும் இந்த உறவுக்காரர்கள் யாரிடமும் கிடையாது, மிளகாய் இனத்துக்கே சொந்தம். ஆகவே "கத்தரிக் குடும்பத்துக் காய்க்கு இன்ன குணம்" என்று மொத்தமாக யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கண்டங்கத்தரிக்குச் சொன்னது மிளகாய்க்குப் பொருந்தாது, மிளகாய்க்குச் சொன்னது தக்காளிக்குப் பொருந்தாது.

செடி எதற்காக இதைச் செய்கிறது? காட்டில் மைனாவும் கிளியும் பழத்தைக் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் காரமே தெரியாது. விதையை மெல்லாமல் விழுங்கி, தொலைவில் போய் எச்சமிட்டுவிடும், செடிக்கு அது லாபம். எலியும் மற்ற பாலூட்டிகளும் விதையைக் கடித்து நொறுக்கிவிடும். அதனால் அவற்றை விரட்டக் காரம். நாமும் விரட்டப்பட வேண்டிய கூட்டம்தான், ஆனால் நாம் மட்டும் அதைக் குழம்பில் போட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய வலி நரம்புகளின் நுனியில் ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அது திறக்கும், "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி போகும். கேப்சைசின் அந்தக் கதவின் சாவி மாதிரி. சூடே இல்லாதபோதும் அதைத் திறந்துவிடுகிறது. மிளகாய் தின்றால் வாய் "எரிகிறது" என்று சொல்கிறோமே, அது உவமை இல்லை. உண்மையாகவே சுட்டதாகத்தான் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. இந்தக் கதவை 1997-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ். அவர் தேடியது கேப்சைசின் எதைத் தொடுகிறது என்பதைத்தான், மிளகாயைப் பிடித்துக்கொண்டே போய் மனித உடல் சூட்டை எப்படி உணர்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 2021-ல் ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

எரிய வைக்கும் பொருள் எப்படி எரிச்சலைக் குறைக்கும்? கதவு திரும்பத் திரும்பத் திறக்கும்போது நரம்பு நுனிக்குள் கால்சியம் வெள்ளம் மாதிரி புகுந்துவிடுகிறது. நரம்பு முதலில் கத்தும், அப்புறம் மரத்துப்போகும். அளவு கூடுதலாக இருந்தால் தோலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனிகள் சுருங்கிப் பின்வாங்கிவிடும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறுபடி வளர்ந்துவிடும். அதுவரைக்கும் அந்த இடத்திலிருந்து பொய்யான "எரிகிறது" செய்தி குறைவாகப் போகும். மருந்தின் வேலை இவ்வளவுதான். நோயை அது குணப்படுத்துவதில்லை, நுனியை அடக்கி வைக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் போகாமல் முதுகெலும்பின் பக்கத்தில் நரம்பு முடிச்சுக்குள் பதுங்கியிருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியே வெளியே வரும். அதனால்தான் அக்கி உடம்பில் ஒரு பக்கமாக, பட்டை போட்டது போல வருகிறது. நம் ஊரில் உடனே மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காவியைக் குழைத்து அக்கி மேல் எழுதுவார்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, காவி குளிர்ச்சியாகவே இருக்கும், மனசுக்கும் தைரியம். ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரையைத் தொடங்குவதுதான் பலன் தரும். எழுதிவிட்டுப் போய் மூன்று நாள் காத்திருந்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்பதுண்டு. அந்த நரம்பு காயம்பட்டு, சட்டை உரசுவதையே நெருப்பென்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கேப்சைசின் அந்த நரம்பைத்தான் குறிவைக்கிறது, டாக்டர் சரியான மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் வீட்டு வத்தல் ஏன் கூடாது? கணக்கைப் பாருங்கள். க்ரீம்கள் பெரும்பாலும் 0.025 அல்லது 0.075 சதவீதத்தில் வருகின்றன. 0.025 என்றால் ஒரு கிராம் க்ரீமில் கால் மில்லிகிராம் கேப்சைசின். நாம் சமையலில் போடும் வத்தலில் காரச்சத்து பொதுவாக 0.1 சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொண்டாலும் ஒரு கிராம் தூளில் 1 மில்லிகிராம், அதாவது அந்த க்ரீமைப் போல நாலு மடங்கு. கூடிய பக்கம் என்றால் நாற்பது மடங்கு. ஒரே காட்டில், ஒரே செடியில், முதல் பறிப்புக்கும் மூன்றாம் பறிப்புக்கும் காரம் வேறுபடும். தண்ணீர் காய்ந்த வருடம் ஒரு மாதிரி, மழை பிடித்த வருடம் வேறு மாதிரி. எந்த வத்தலில் எவ்வளவு என்று அம்மியில் அரைக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு அதை நல்லெண்ணெயில் குழைக்கிறீர்கள். காரச்சத்து எண்ணெயில் கரையும் என்றேனே, எண்ணெய் அதை இழுத்துத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். துணி வேறு சுற்றிவிட்டால் எங்கள் அம்மா முட்டிதான். தரையில் காய்ந்த வத்தலின் மண்ணும் பூஞ்சை விதைகளும் தனிக் கணக்கு.

மிளகாயின் காரத்தை அளக்க முதலில் வழி சொன்னவரே ஒரு மருந்தாளர்தான், தெரியுமா? 1912-ல் வில்பர் ஸ்கோவில், அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும்வரை நீர்க்க வைத்துக்கொண்டே போனார். எத்தனை மடங்கு நீர்த்தால் காரம் மறைகிறதோ அதுதான் ஸ்கோவில் எண். இன்று ரீல்ஸில் உலகக் கார மிளகாய் போட்டிக்குப் பயன்படும் எண் அது. பிறந்தது மிளகாயை மருந்தாக்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும் என்ற தேவையில். சுத்தமான கேப்சைசினுக்கு அந்த எண் 1 கோடியே 60 லட்சம்.

இதைவிடப் பல மடங்கு கூடிய மருந்தும் இருக்கிறது. தோலில் ஒட்டும் 8 சதவீதக் கேப்சைசின் பட்டையை அமெரிக்காவில் 2009-ல் இதே அக்கி வலிக்கு அனுமதித்தார்கள், 2020-ல் சர்க்கரை நோயால் வரும் பாத நரம்பு வலிக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அதை ஒட்டுவது பயிற்சி பெற்றவர்கள், கையுறை போட்டு, பெரும்பாலும் முதலில் மரப்பு மருந்து தடவி, அக்கி வலிக்கு ஒரு மணி நேரம் மட்டும் வைத்து எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் மறுபடி ஒட்டக்கூடாது. "அதிலேயே 8 சதவீதம் இருக்கிறதே, நம் வத்தல் என்ன செய்துவிடும்" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். அங்கே அளவும் தெரியும், நேரமும் தெரியும், பக்கத்தில் ஆளும் இருப்பார்.

க்ரீமைப் பற்றி டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாமல் விடும் சில விஷயங்கள் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று, நாலு வேளை, விடாமல் போட வேண்டும். முதல் வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும். வலி குறைய இரண்டு வாரமாவது ஆகும், சிலருக்கு நாலு வாரம்கூட. நிறையப் பேர் மூன்றாம் நாளே "எரியுது, வேண்டாம்" என்று ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வலித்தபோது மட்டும் போட்டுக்கொண்டால் பலன் கிடைக்காது, எரிச்சல் மட்டும் மிஞ்சும். ஆறாத கொப்புளம், புண், வெடிப்பு மேல் போடக்கூடாது. போட்ட இடத்தில் துணி கட்டக்கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடம் கூடாது. வெந்நீரில் குளித்துவிட்டு உடனே போடக்கூடாது. அந்தக் கதவு கேப்சைசின் பட்டபின் சாதாரணச் சூட்டுக்கே திறந்துகொள்ளும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் க்ரீமைப் போட்டுக்கொண்டு வலை காயப்போடும் இடத்துக்குப் போனால் எரிச்சலில் துடித்துப் போவார். காலையில் போடுவதை நிழலில் உட்காரும் நேரமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வியர்வை வழிந்து கண்ணுக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்கு ராமிப்ரில், எனாலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இருமல் கூடலாம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

போட்டுவிட்ட கையைத் தண்ணீரில் அலசினால் போகாது. தண்ணீரில் கரையாதே. கையில் முதலில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, துடைத்து, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மிளகாய் காம்பு கிள்ளப் போகும் பெண்கள் இதைச் செய்து பார்க்கலாம். நாள் முழுக்க கிள்ளிவிட்டு வந்து, ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடப் பயந்து கையைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் வைத்திருக்கும்வரை குளிர்ச்சியில் தெரியாது, எடுத்ததும் மறுபடி எரியும். வாய் எரிந்தால் தண்ணீரைவிட மோர் நல்லது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் காரச்சத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது கேள்வி, அல்சர். வயிற்றுப்புண்ணுக்கு மிளகாய் காரணமில்லை. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. அடுத்த பெரிய காரணம் வலி மாத்திரைகள். இங்கேதான் எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றிக் கவலை. ஐந்து மாதமாக வலி என்கிறீர்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறாரா? அப்படியென்றால் மிளகாயைத் தள்ளி வைத்துவிட்டு, உண்மையிலேயே புண் உண்டாக்கும் பொருளை விழுங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வகை நரம்பு வலிக்கு அந்த மாத்திரைகள் பெரிதாகக் கேட்பதும் இல்லை. இதற்கென்று காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி வேறு மருந்துகள் உண்டு, டாக்டர் பார்த்துக் கொடுப்பார். தயவுசெய்து இதை முதலில் கேளுங்கள்.

புண் உண்டாக்காது என்பதற்காக எல்லோரும் மிளகாய் தின்னலாம் என்று அர்த்தமில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், மூலம் அல்லது ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள், சாப்பிட்டதும் வயிறு பிசையும் தொந்தரவு உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கதவு வாயில் தொடங்கிக் குடலின் கடைசிவரை இருக்கிறது. இத்தாலியில் அஜீரணத் தொந்தரவு உள்ள 30 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2002-ல் வெளியானது. அதில் பாதிப் பேருக்குத் தினமும் இரண்டரை கிராம் மிளகாய்ப் பொடியை மாத்திரைக் கூட்டில் அடைத்து ஐந்து வாரம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் தொந்தரவு கூடியது, அப்புறம் குறைந்தது. தோலில் நடக்கும் அதே கதைதான். 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து நான் யாருக்கும் மிளகாய் மாத்திரை சொல்ல மாட்டேன்.

சீனாவில் ஏறக்குறைய 4 லட்சத்து 87 ஆயிரம் பேரைப் பல வருடம் கவனித்த ஆய்வு 2015-ல் வந்தது. வாரத்தில் ஆறேழு நாள் காரம் சாப்பிடுகிறவர்களிடம் இறப்பு விகிதம் 14 சதவீதம் குறைவு. இதை வைத்து "மிளகாய் ஆயுளைக் கூட்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது கவனித்தது மட்டும்தான், கொடுத்துப் பார்த்தது இல்லை. காரம் சாப்பிடுகிறவர்கள் வேறு என்னென்ன செய்கிறார்கள், எப்படி உழைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. அதேபோல "மிளகாய் புற்றுநோயைக் கொல்லும்" என்பது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களைக் கேப்சைசின் கொல்வது உண்மை. தட்டில் இருக்கும் செல்லை எத்தனையோ பொருள் கொல்லும். மனித உடம்பில் அது நிரூபணமாகவில்லை. யாராவது சிகிச்சையை விட்டுவிட்டு மிளகாயை நம்பப் போனால் தடுத்து நிறுத்துங்கள்.

உணவாக மிளகாயிடம் வேறு நல்லது உண்டு. பச்சையில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். ஹங்கேரியில் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானி ஆய்வுக்குப் போதுமான வைட்டமின் சி கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்து, கடைசியில் உள்ளூர் மிளகாயிலிருந்துதான் கிலோக்கணக்கில் எடுத்தார், 1937-ல் நோபல் வாங்கினார். வெயிலில் காயும்போது அதில் பெரும்பகுதி போய்விடும், வத்தலில் அதைத் தேட வேண்டாம். வத்தலில் மிஞ்சுவது நிறம். கேப்சாந்தின், கேப்சோரூபின் என்ற சிவப்புச் சத்துகளோடு, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் கொஞ்சம் இருக்கும். தோலில் குவெர்செட்டின், லூட்டியோலின் போன்ற தாவரச் சத்துகளும் உண்டு. ஆனால் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது சில கிராம் வத்தல், அதிலிருந்து கிடைப்பதைப் பெரிதாகப் பேச எனக்கு மனமில்லை.

மூன்றாவது கேள்வி, விற்பனை. மருந்துக்கும் சாறு எடுக்கும் ஆலைகளுக்கும் வாங்குகிறவர்கள் கிலோவுக்கு எவ்வளவு காரச்சத்து அல்லது எவ்வளவு நிறம் என்று அளந்துதான் விலை வைப்பார்கள். கேப்சைசினுக்கென்றால் முண்டைவிடப் பல மடங்கு காரமான வகைகள் இருக்கின்றன, அந்தப் போட்டியில் நாம் நிற்க முடியாது. முண்டின் பெருமை அங்கே இல்லை. தடித்த தோல், மிதமான காரம், தாளிக்கும்போது எழும் வாசனை, இவைதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கும் அதே சமயத்தில்தான், இரண்டும் ஒரே குடும்பம் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். "மருத்துவ குணம் கொண்டது" என்று பையில் அச்சடிப்பதைவிட "சுத்தமாகக் காய்ந்தது" என்று காட்ட முடிந்தால் வெளிநாட்டுக்காரன் கூடுதல் காசு கொடுப்பான்.

ஏனென்றால் மிளகாயில் உடம்புக்கு உண்மையான ஆபத்து காரம் இல்லை, அஃப்லடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஈர வத்தலில் வளரும்போது உண்டாக்கும் நஞ்சு அது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று சந்தேகமில்லாமல் நிரூபணமானது, குழம்பில் கொதித்தாலும் முழுக்க அழியாது. ஐரோப்பாவில் ஒரு கிலோ மசாலாப் பொருளுக்கு அஃப்லடாக்சின் பி1 வகை 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. ஒரு டன் வத்தலுக்கு 5 மில்லிகிராம், நகத்தில் ஒட்டுகிற அளவுகூட இல்லை. பழம் பறிக்கும்போது அதன் எடையில் முக்கால்வாசி தண்ணீர். அதைப் பத்து, பதினோரு சதவீதத்துக்குக் கொண்டுவரும் அந்தச் சில நாட்களில்தான் எல்லாம் நடக்கிறது. நாம் கடலோரம். பகல் வெயில் நன்றாகக் காய்ச்சும், ராத்திரி கடல்காற்று ஈரத்தையும் பனியையும் கொண்டுவந்து இறக்கும். மாலையில் திறந்தபடி விட்ட வத்தல் காலையில் தொட்டால் மெத்தென்று இருக்குமே, அதுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு. ரோட்டு ஓரத்திலும் மண் தரையிலும் கொட்டாமல் சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் குவித்து மூடுங்கள், காலையில் பனி விலகியபின் திறங்கள். அடிபட்ட பழம், புழு துளைத்த பழம், வெளுத்த வத்தல் எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கித் தனியாகப் போடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் வேண்டாம், சாயம் வேண்டவே வேண்டாம். 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் 'சூடான்' என்ற செயற்கைச் சாயம் இருந்ததை ஐரோப்பாவில் கண்டுபிடித்தபின் நம் நாட்டு மிளகாய் முழுவதையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள், எத்தனையோ நேர்மையான விவசாயிகள் அதில் அடிபட்டார்கள்.

எப்போது மூட்டை பிடிக்கலாம் என்பதற்கு எங்கள் அப்பா ஒரு கைப்பிடி வத்தலை எடுத்து மூடிய கைக்குள் குலுக்குவார். விதை சத்தம் எல்லாக் காயிலும் கேட்க வேண்டும். ஒன்று இரண்டு ஊமையாக இருந்தாலும் திரும்பக் களத்தில் கொட்டிவிடுவார்.

தம்பி, அப்பாவின் க்ரீம் ட்யூபில் கேப்சைசின் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், பார்த்து எழுதுங்கள். கூடவே டைக்ளோஃபெனாக், மெந்தால், மீத்தைல் சாலிசிலேட் என்று இருந்தால் அது தசைவலிக்கான கலவை, அக்கி வலிக்கு டாக்டர் எழுதியது அதுவாக இருக்காது, கடையில் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அவர் இப்போது தினமும் போடும் மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். விலாவில் புண் எதுவும் இல்லையென்றால் க்ரீமை இன்றிலிருந்தே, எண்ணிக்கொண்டு நாலு வாரம் விடாமல் போடச் சொல்லுங்கள்.